அந்தோணிமுத்து தப்பியோடிய விவரம்

காக்ஸ் டவுனில் குளோரியா டீச்சரின் குடும்பத்துக்கு நூறு வருஷமாக ஒரு கெட்ட பெயரும் கிடையாது. அதை வாங்கித் தந்தது அரசாங்கம்.

நகரத்துப் பழைய ஜெயில் ஒன்றைக் காட்சியகமாக்கியபோது, வருகிற ஜனங்களுக்குக் காட்டப் பயங்கரமான கைதிகள் வேண்டும் என்று மேலிடம் கருதியது. பதிவேட்டில் கிடைத்ததெல்லாம் சில்லறைக் கேசுகள். ஆனாலும் பத்துப் பேரைப் பொறுக்கியெடுத்து, 'கொடுங்குற்றவாளிகள்' என்று பித்தளைப் பலகையில் பொறித்து மாட்டினார்கள். ஏழாவது பெயர், குளோரியாவின் கொள்ளுத்தாத்தா அந்தோணிமுத்து. கர்னல் துரை வீட்டுச் சமையல்காரர். 1911 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் துரையின் வான்கோழியைக் களவாடியதற்கு ஆறு மாதம்.

மகள் நிக்கோலுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா மௌரீன், "நல்ல பாரம்பரியம்தானே?" என்று ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டிருந்தாள். குளோரியா அரை நாள் லீவு போட்டுக் காட்சியக அலுவலகத்துக்கு ஓடினாள்.

மேற்பார்வையாளர் கோவிந்தராஜன் மனுவை இரண்டு பக்கமும் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதைத்தான் அதிக நேரம் படித்தார்.

"பேரை எடுக்கணும்னா விடுதலைக்கு ஆதாரம் வேணும் மேடம். உள்ள வந்த தேதி இருக்கு. வெளிய போன தேதி இல்லை."

"செத்தே எழுபது வருஷம் ஆச்சு சார். கல்லறைகூட இருக்கு."

"கல்லறை எங்க, ஜெயிலுக்கு உள்ளயா வெளியயா?"

"வெளியதான்."

"அப்ப தப்பியோடியிருக்கார்."

"சர்ச்சுல ஊரறியக் கல்யாணம் பண்ணி, ஏழு பிள்ளை பெத்தவர் சார்."

"தலைமறைவா இருந்துக்கிட்டே ஏழா?" என்று மரியாதையோடு குறித்துக்கொண்டார் கோவிந்தராஜன்.

மறுவாரம் அந்தோணிமுத்துவுக்குப் பதவி உயர்வு. ஏழாம் இடத்திலிருந்து முதலிடம். 'தப்பியோடியவர். இன்றுவரை பிடிபடவில்லை.' பேப்பரில் படத்தோடு வந்தது. அன்றைக்கே மௌரீனின் போன்: "நாளைக்குக் காலையில ஜெயிலுக்கு வாங்க. பேசணும்."

கல்யாணம் நின்றது என்று முடிவுகட்டிக்கொண்டுதான் போனாள். பலகைக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லலியே சம்பந்தி," என்றாள் மௌரீன், மனத்தாங்கலோடு. "எங்க பக்கம் மூணு தலைமுறையா ஸ்கூல் வாத்தியாருங்க. ஒருத்தர்கூட உள்ள போகலை. எங்க அபார்ட்மென்ட்ல ஒருத்தி, தாத்தா சைக்கிள் திருடினார்னு என்ன அலட்டு அலட்டுறா தெரியுமா?"

அப்போதுதான் குளோரியாவுக்கு ஊர் நிலவரம் புரிந்தது. ஜெயிலுக்குப் போன முன்னோர் இல்லாத வீடு வீடே இல்லை என்று ஆகிவிட்டிருந்தது. மௌரீன் கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடித்துவிட்டாள்: 'கைதி எண் 212 அந்தோணிமுத்து அவர்களின் வழிவந்த நிக்கோல்.'

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் அரசாங்கக் கடிதம் வந்தது. தங்கள் மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு, மேற்படி அந்தோணிமுத்து யோக்கியர் என முடிவு செய்யப்பட்டு, பெயர் நீக்கப்பட்டது. நன்னடத்தைச் சான்றிதழ் இத்துடன்.

"யோக்கியராமே?" என்று போனில் கேட்டாள் மௌரீன். குரலில் ஈரமே இல்லை.

குளோரியா வக்கீலைப் பிடித்துப் பிரமாணப் பத்திரம் எழுதினாள். வான்கோழி ஒன்றல்ல, நான்கு. தடுக்க வந்த கர்னலையும் கரண்டியால் அடித்தார். கொள்ளுத்தாத்தா செய்யாததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

காட்சியகத்தில் வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. டாக்டர்கள், இன்ஜினியர்கள், ஒரு ரிட்டையர்டு ஜட்ஜ், எல்லார் கையிலும் முன்னோரின் குற்றப்பட்டியல். குளோரியாவுக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். கோவிந்தராஜன்.

"சார், நீங்களே வரிசையிலயா?"

"ஆபீஸ் விஷயம் வேற, குடும்ப விஷயம் வேற மேடம்." அவள் பத்திரத்தை வாங்கிப் படித்தார். கரண்டி வந்த இடத்தில் தலையசைத்தார். வரிசையை விட்டு உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து, 'மீண்டும் சேர்க்கலாம்' என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து பழைய இடத்திலேயே நின்றுகொண்டார்.

"உங்க மனு என்ன சார்?"

"எங்க தாத்தா இங்க ஜெயிலர். கைதிங்களோட அரிசி, எண்ணெய், கம்பளி எதையும் விட்டு வைக்கலை. முப்பது வருஷம். கடைசிவரைக்கும் பிடிபடவே இல்லை." கையிலிருந்த மனுவின் மடிப்பை நீவிவிட்டார். "ஆதாரம் போதாதுன்னு ரெண்டு தடவை நானே தள்ளுபடி பண்ணிட்டேன். உங்களுக்கென்ன மேடம், கொடுத்துவச்ச குடும்பம்."