வெள்ளை உடுத்தாத பிரேசில் அண்ணாச்சி

பிரேசில் ஃபுட்பால் டீமுக்கு உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் ரசிகர்கள் இருக்கலாம். ஆனால் அந்த டீமை ரேஷன் கார்டில் சேர்க்காத குறையாகத் தன் குடும்பமாகவே நினைத்து வாழ்கிறவர் ஒருவர்தான். அவர் மேற்கு மாம்பலத்தில், எங்கள் தெருமுனையில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பிரேசில் அண்ணாச்சி என்றால் கடைவாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர், விமானத்தில் ஏறியதில்லை. ஆனாலும் பேச்செல்லாம் ‘நாங்க’தான். “அம்பத்தெட்டுல நாங்க மொதக் கோப்பை வாங்குனோம்” என்று ஆரம்பித்தால் அறுபத்திரண்டு, எழுபது, தொண்ணூற்று நாலு, இரண்டாயிரத்து இரண்டு என்று ஐந்தையும் வாங்கி முடித்த பிறகுதான் தின்னர் பாட்டிலை எடுத்துக் கொடுப்பார். எல்லா உலகக் கோப்பையிலும் ஆடிய ஒரே அணி பிரேசில்தான் என்பது, சுவருக்கு எத்தனை கோட் அடிக்கலாம் என்று விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் தெரியும். ஏன் பிரேசில் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். பெற்ற தாயை ஏன் பிடிக்கும் என்று எவனாவது கேட்பானா என்று கோபித்துக்கொண்டார்.

அவருக்கு ஜென்ம விரோதி அர்ஜென்டினா இல்லை, வெள்ளை நிறம். 1950-ல் சொந்த மண்ணில், டிரா செய்தாலே கோப்பை என்ற ஆட்டத்தில் பிரேசில் உருகுவேயிடம் தோற்றது. அன்று போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. நாடே அழுது, அந்தச் சட்டையைத் தலைமுழுகிவிட்டு மஞ்சளுக்கு மாறியது. ஐந்து கோப்பையும் அதற்குப் பிறகு வந்தவைதான்.

அப்போது பிறந்தேயிராத அண்ணாச்சியும் வெள்ளையைத் தலைமுழுகிவிட்டார். எந்நேரமும் மஞ்சள் சட்டை, நீலக் கைலி. கல்யாண வீட்டுக்கு மஞ்சள் வேட்டி. சமயபுரத்துக்கு விரதம் இருக்கிறார் என்று சிலரும், கடன் தாங்காமல் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்று சிலரும் பேசிக்கொண்டார்கள். வெள்ளை பெயின்ட் கேட்டு வருகிறவர்களிடம் அது ராசியில்லாத கலர் என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்ப்பார். அவர் மனைவி ஓடிப்போய் அவர்களைக் கையைப் பிடித்து அழைத்து வராவிட்டால், கடுதாசி நிஜமாகவே கொடுக்க வேண்டி வந்திருக்கும்.

ஜெர்மனியிடம் பிரேசில் ஏழு கோல் வாங்கிய மறுநாள், கடை ஷட்டரில் ‘துக்கம்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. பதறிப்போய் மாலையோடு வீட்டுக்கு ஓடியவர்களில் நானும் ஒருவன். கதவைத் திறந்த அவர் மனைவி, “நல்லாத்தான் இருக்காரு தம்பி. உள்ள அழுதுக்கிட்டு இருக்காரு. மாலைய சாமிப் படத்துக்குப் போட்டுருங்க” என்றார்.

இப்படிப்பட்டவர் வீட்டில் பிறந்தவள்தான் செல்வி. ஒரே மகள். நடக்கத் தொடங்கியதுமே பந்து வாங்கிக் கொடுத்தார். அவளும் காலேஜ் டீமில் கோல் போடுகிற இடத்துக்கு வந்துவிட்டாள். தெருவுக்கே கேசரி கொடுத்தார். அந்தக் கேசரி செரிப்பதற்குள் டீம் சட்டை வீட்டுக்கு வந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை.

அண்ணாச்சி கோச்சிடம் ஓடினார். மொத்த டீமுக்கும் தன் செலவில் மஞ்சள் சட்டை எடுத்துத் தருகிறேன் என்று கெஞ்சினார். காலேஜ் நிறத்தை மாற்ற முடியாது என்று கோச் அனுப்பிவிட்டார். உடனே அண்ணாச்சி ஒரு முடிவெடுத்தார்: மகள் ஆட்டத்துக்குத் தான் போகக்கூடாது. வெள்ளையில் அவளைத் தன் கண்ணால் பார்த்தால் தோற்றுவிடுவாள் என்று பயம். செல்வி ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்தாள், இவர் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். ஃபைனலுக்கு முதல்நாள் அவள் கடைக்கு வந்து, என் எதிரிலேயே கேட்டாள்.

“உங்க டீம் தோத்தப்ப ஊரைக் கூட்டி அழுதீங்க. நாளைக்கு நான் தோத்தா யாருப்பா அழுவா?”

அண்ணாச்சி பிரஷ் டப்பாவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் போய்விட்டாள்.

ஃபைனல் அசோக் நகர் பக்கத்து மைதானம் ஒன்றில். நானும் அவர் மனைவியும் போயிருந்தோம். பாதி ஆட்டத்தில் ஓர் உருவம் உள்ளே வந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சட்டையில் துணிக்கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. ஏரியா கவுன்சிலர் என்று நினைத்து ஒருவர் எழுந்து நாற்காலி கொடுத்தார். அண்ணாச்சி உட்காரவில்லை. செல்வி இவரைப் பார்த்தாள். அதன் பிறகு அவள் ஓடிய ஓட்டத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆனாலும் ஆட்டம் பெனால்டிக்குப் போனது. கடைசியாக அடித்த செல்வியின் பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. தோற்றுவிட்டார்கள். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணாச்சி உள்ளே ஓடினார்.

“நீங்க பயந்த மாதிரியே ஆயிடுச்சுப்பா” என்றாள்.

அண்ணாச்சி அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, மகளைவிடச் சத்தமாக அழுதார். கடைசியில் செல்விதான் அவரைத் தேற்றி எழுப்ப வேண்டியிருந்தது.

மறுநாள் காலை கடை திறந்திருந்தது. ஷட்டரில் எதுவும் ஒட்டவில்லை. கல்லாவில் அண்ணாச்சி, செம்மண் கறையோடு அதே வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். இன்னும் மாற்றவில்லையா என்று கேட்டேன்.

“அம்பதுல அவங்க தோத்ததும் சட்டைய மாத்திட்டாங்க தம்பி” என்றார். “இப்பம் தோத்தது எம் மவ. நான் எதை மாத்த?”

எனக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கடையில் ஆட்கள் நின்றதால், இரண்டு காபி சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.