அலறல் குடாவுக்குக் கிடைத்த பாதுகாப்புச் சான்று

கடலோரத்தில் ஓர் இடம் படகை நிறுத்தி இரவு தங்கப் பாதுகாப்பானதா என்று கண்டறிய மனித குலம் இதுவரை கையாண்ட முறைகள் அத்தனையும் காட்டுமிராண்டித்தனமானவை. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்ப்பது, அடியில் இருப்பது சேறா பாசியா என்று பார்ப்பது, நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது, சந்தேகம் வந்தால் வெட்கமில்லாமல் வேறு இடத்துக்குப் போய்விடுவது. இந்த அறியாமை இருளை ஸ்வீடனின் கிழக்குக் கரையிலுள்ள நோர்வாலா நகராட்சி ஒரே மதிய உணவில் போக்கியது. போக்கியவர் திரு. சிக்ஸ்டன் ஆல்கிரேன்.

சிக்ஸ்டன் நகராட்சியின் வாகன நிறுத்தப் பிரிவில் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கார் நிற்பதும் நிற்பதுதான், படகு நிற்பதும் நிற்பதுதான். ஆகவே 'இரவு நங்கூரமிடும் இடங்களுக்கான பாதுகாப்பு மதிப்பீட்டுக் குழு' அமைந்தபோது தலைவர் பதவிக்கு வேறு பெயர் எழவே இல்லை. அவர் வீட்டில் ஒரு பாய்மரப் படகும் இருந்தது. கறாராகச் சொன்னால் அது அவர் மனைவி குன்வோரின் படகு. அவளுடைய அப்பா விட்டுப்போனது. ஓட்டுபவளும் அவளே. சிக்ஸ்டனுக்கு அலை ஒத்துக்கொள்ளாது. படகு சற்றே குலுங்கினாலும் வயிறு புரட்டும். ஆனால் தலைமை தாங்க வயிறு தேவையில்லை.

குழுவின் முன்னால் இருந்த பிரச்சினை எளியது. அலறல் குடாவின் கரையில் நகராட்சி பெரும் செலவில் ஓர் உணவகம் கட்டிவிட்டது. புகையில் வாட்டிய மீன், இலவங்கப்பட்டை ரொட்டி, மாலையில் அக்கார்டியன் இசை எல்லாம் ஏற்பாடு. படகுக்காரர்கள்தான் வரவில்லை. மதியம் வந்தவர்களும் சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் ஓடிப்போனார்கள். ஏன் என்று விசாரித்தபோது, அந்தக் குடா தென்கிழக்கே வாய் பிளந்து கிடக்கிறது, அந்தத் திசையிலிருந்து காற்று வந்தால் திறந்த கடல் முழுவதும் உள்ளே வந்துவிடும், அடியில் கொழகொழவென்று பாசி, நங்கூரம் நிற்காது என்றார்கள். அதனால்தான் அந்தப் பெயரே வந்தது என்றும் சொன்னார்கள்.

சுற்றுலா அலுவலர் ஆனெலி அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். "பாருங்க, பிரச்சினை காத்துல இல்ல, பேருல இருக்கு."

குழு அன்றே அதற்கு 'அமைதிக் குடா' என்று பெயர் மாற்றியது. ஒரு கல்லை நகர்த்தாமல், ஒரு தடுப்புச் சுவர் எழுப்பாமல், ஆபத்தில் பாதி ஒழிந்தது.

மீதிப் பாதியை ஒழிக்க நேரடி ஆய்வு நடந்தது. ஜூலை மாதம், உச்சி வெயில், கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. குன்வோர் படகை ஓட்டிக் கொண்டுபோய்க் குடாவின் நடுவில் நிறுத்தினாள். தலைவர், ஆனெலி, ஓய்வு பெற்ற பல் மருத்துவர் டாகே ஆகிய மூவரும் மேல்தளத்து மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். டாகேயிடம் வானிலை காட்டும் செல்பேசிச் செயலி ஒன்று இருந்தது. அதில் சிரிக்கும் சூரியன் படம் தெரிந்தது. அடுத்து, அறிவியல் உலகம் இன்னும் கண்டுகொள்ளாத 'காப்பிச் சோதனை' நடத்தப்பட்டது. ஒரு கோப்பையில் விளிம்பு வரை காப்பி ஊற்றி மேசையில் வைத்தார்கள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பிறகு அதைக் குடித்தும் பார்த்தார்கள்.

குன்வோர் நங்கூரத்தை மேலே இழுத்து வந்து அவர்களுக்குக் காட்டினாள். அதன் கொக்கிகளில் பாசி ஒரு மூட்டை தொங்கியது. இன்று காற்றில்லாததால்தான் படகு நின்றது, நங்கூரத்தால் அல்ல என்றாள். தென்கிழக்குக் காற்று வந்தால் என்ன செய்வதாக உத்தேசம் என்றும் கேட்டாள்.

சிக்ஸ்டன் அன்பாகவே பதில் சொன்னார். "தென்கிழக்குக் காத்து இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்ல, குன்வோர். அதைக் கடைசியில 'இதர விஷயங்கள்'ல எடுத்துக்கலாம்."

"அது நிரலைப் பாத்துட்டு வராது, சிக்ஸ்டன்."

"எல்லாத்தையும் இப்படி உணர்ச்சிவசப்பட்டுப் பேசினா நாம எந்த முடிவும் எடுக்க முடியாது" என்றார் டாகே, ரொட்டியை மென்றபடி.

'இதர விஷயங்கள்' நேரத்தில் மீன் வந்துவிட்டது. நங்கூரத்துக்குப் பிடிப்பில்லை, குன்வோருக்கு விட்டுக்கொடுக்கும் மனமில்லை என்ற இரண்டு சிறு குறைகள் நீங்கலாகக் குடா முழுப் பாதுகாப்பானது என்று ஏகமனதாக முடிவாயிற்று. கரையில் நீலப் பலகை நட்டார்கள்: 'அமைதிக் குடா. இரவு தங்கப் பரிந்துரைக்கப்படுகிறது.'

படகுகள் வந்தன. உணவகத்தில் அக்கார்டியன் முழங்கியது. சிக்ஸ்டன் கடைத்தெருவில் நடந்தால் தெரியாதவர்கள்கூட வணக்கம் சொன்னார்கள். வாகன நிறுத்தத்தில் இருந்த காலத்தில் அவரைக் கண்டு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனவர்கள் அவர்கள்.

சோல்வெய் என்ற செவிலிப் பெண்தான் இந்த ஒழுங்கைக் குலைத்தவள். தன் கணவனோடு பலகையை நம்பி அங்கே தங்கினாள். விடியும் நேரம் தென்கிழக்குக் காற்று மெல்ல எழுந்தது, அவ்வளவு பலமில்லை. அதற்கே நங்கூரம் இழுபட்டு, படகு பாறையில் மோதி, சுக்கான் உடைந்தது. அவள் உள்ளூர் வானொலியில் போய்ப் பேசினாள். குழு உடனடியாகக் கூடி, அந்தத் தம்பதியின் நங்கூரம் 'போதிய ஒத்துழைப்பு' தரவில்லை என்று அறிக்கை வெளியிட்டது. மக்கள் சிரித்தார்கள். குழு பதறியது அப்போதுதான்.

ஆனெலிக்கு ஒரு யோசனை தோன்றியது. தலைவரே அங்கே ஓர் இரவு தங்கட்டும், காலையில் படகிலிருந்தே வானொலிக்கு நேரலையில் பேசட்டும் என்றார். சிக்ஸ்டனின் வயிறு அந்தக் கணமே குலுங்கத் தொடங்கியது. தலைவர் தங்குவது பக்கச்சார்பாகத் தோன்றும், துணைத் தலைவர் தங்கினால் நடுநிலையாக இருக்கும் என்று அவர் வாதாடினார். துணைத் தலைவரான டாகேவுக்கு அன்றிலிருந்து முதுகு வலி வந்துவிட்டது.

குறித்த நாளன்று மாலை தென்கிழக்குக் காற்று வரும் என்று எல்லா வானிலை அறிவிப்புகளும் சொல்லின. தேதியை மாற்றலாமா என்று சிக்ஸ்டன் கேட்டுப் பார்த்தார். விளம்பரம் போய்விட்டது என்றார் ஆனெலி.

குன்வோர் முதலில் வர மறுத்தாள். பிறகு, அப்பாவின் படகைச் சிக்ஸ்டனிடம் தனியாக ஒப்படைக்கப் பயந்துதான் வந்தாள். வெளிச்சம் இருக்கும்போதே குடாவுக்குப் போய் நங்கூரமிட்டார்கள். உணவகத்திலிருந்தவர்கள் கை தட்டினார்கள். சிக்ஸ்டன் கையசைத்துவிட்டு உள்ளே இறங்கி, குமட்டலுக்கான மாத்திரையைப் போட்டு, அது வேலை செய்யுமோ என்ற ஐயத்தில் இன்னொன்றும் போட்டு, அந்த ஐயத்தையும் போக்க மதுவை ஊற்றிக் குடித்தார்.

"காத்து திரும்பினா என்ன செய்யட்டும்?" என்று குன்வோர் படிக்கட்டில் குனிந்து கேட்டாள்.

"தேவைன்னா எழுப்பு" என்றார். சூரியன் மறைவதற்குள் குறட்டை கேட்டது.

அவர் கண் விழித்தபோது காலை வெயில் சன்னல் வழியே முகத்தில் விழுந்தது. படகு அசையவே இல்லை. தண்ணீர் பக்கவாட்டில் செல்லமாகத் தட்டிக்கொண்டிருந்தது. சிக்ஸ்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. தான் சொன்னது உண்மையாகவே உண்மையாகிவிடும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. செல்பேசி மணியடித்தது, செய்தியாளர். பேசிக்கொண்டே மேல்தளத்துக்கு ஏறினார்.

"குழந்தை மாதிரி தூங்கினேன்" என்றார், ஊர் முழுக்கக் கேட்கும்படி. "காத்து வந்துச்சு, நிஜம்தான். ஆனா இந்தக் குடா நம்மைத் தாலாட்டுதே தவிர..."

உணவகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செங்குத்துப் பாறை நின்றது. பாறைக்கு மேலே பைன் மரங்கள், தென்கிழக்கிலிருந்து அடித்த காற்றில் வளைந்து ஆடிக்கொண்டிருந்தன. நீலப் பலகை எங்கும் இல்லை. படகின் பின்புறம் குன்வோர் உட்கார்ந்திருந்தாள். உடை தொப்பலாக நனைந்திருந்தது. உள்ளங்கைகள் சங்கிலியில் உரசித் தோலுரிந்து சிவந்திருந்தன. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலைவர் அவர்களே, கேக்குதா?" என்றது செல்பேசி.

சிக்ஸ்டன் ஆல்கிரேன் மாபெரும் மனிதர் என்பது அந்தக் கணத்தில்தான் விளங்கிற்று. சாதாரண ஆளாக இருந்தால் தடுமாறியிருப்பான். அவர், "...தாலாட்டுதே தவிர வேற ஒண்ணும் செய்யல. குடும்பத்தோட வாங்க" என்று முடித்து, நன்றியும் சொன்னார்.

பிறகுதான், இது எந்த இடம் என்று கேட்டார்.

எக்ஹோல்மன் தீவின் பின்புறம் என்றாள் குன்வோர். காற்று திரும்பிய கொஞ்ச நேரத்திலேயே நங்கூரம் இழுபடத் தொடங்கியது, பாறை கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது, அவரை உலுக்கி எழுப்பியும் பார்த்தாள், அவர் கண்ணைத் திறக்காமல் 'ஏகமனதாக நிறைவேறியது' என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார். அவளே நங்கூரத்தை இழுத்து, அலையில் படகைத் திருப்பி, காற்று தொடாத இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். இதையெல்லாம் குரல் உயர்த்தாமல் சொன்னாள்.

"இப்பவே திருப்பிக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிடு, சிக்ஸ்டன். சிரிப்பாங்க. சிரிச்சிட்டுப் போகட்டும்."

"நான் தூங்கினேன்னுதானே சொன்னேன். தூங்கினது பொய்யா?"

"எங்கன்னு சொல்லு."

அவர் கடலைப் பார்த்தார். நெஞ்சில் ஏதோ கனத்தது. குழுத் தலைவர்கள் அந்தக் கனத்தைப் பசி என்றே புரிந்துகொள்வார்கள். காலை உணவு இருக்கிறதா என்று கேட்டார்.

கரை சேர்ந்ததும் குன்வோரே வானொலியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். அவர்கள் நியாயமானவர்கள், தலைவரின் விளக்கத்தையும் கேட்டார்கள். "என் மனைவிக்கு அன்னைக்கு ராத்திரி சரியான தூக்கம் இல்ல" என்றார் தலைவர், மிகுந்த பரிவோடு. அந்தச் செய்தி ஒலிபரப்பாகவில்லை. குன்வோர் தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு படகுக்குக் குடிபோனாள்.

ஆகஸ்டு மாதத்து வாரக்கடைசி ஒன்றில் அமைதிக் குடா நிரம்பி வழிந்தது. நண்டு விருந்துக் காலம். படகுகளில் காகித விளக்குகள், பாட்டு, குழந்தைகள். தென்கிழக்குக் காற்று வந்தது. ஒரு படகின் நங்கூரம் விடுபட்டு அடுத்த படகை இழுக்க, அது அதற்கடுத்ததை இழுக்க, மொத்தமும் பாறைப் பக்கம் போயிற்று. கடல் மீட்புத் தொண்டர்கள் எல்லோரையும் உயிரோடு கரை சேர்த்தது அவர்களுடைய திறமை. தில்டா என்ற சிறுமியின் காலின் மீது பாய்மரம் விழுந்து எலும்பு நொறுங்கியது. மறுபடி சரியாக நடப்பாள் என்று மருத்துவர்கள் உறுதி சொல்லவில்லை.

குழு அவசரமாகக் கூடியது. பொதுமக்கள் பார்வையாளர் வரிசையில் அமர அனுமதிக்கப்பட்டார்கள். தில்டாவின் அப்பா முன்வரிசையில் இருந்தார். அவர் எழுந்து, தலைவர் தூங்கியதை வானொலியில் கேட்டுத்தான் பிள்ளையைக் கூட்டிப்போனேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆனெலி ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். ஒரே நேரத்தில் அத்தனை படகுகள் வந்ததுதான் காரணம், இது குடாவின் வெற்றியையே காட்டுகிறது என்றார் டாகே. 'அமைதி' என்ற சொல்லுக்கு முன்னால் 'பெரும்பாலும்' என்று சேர்க்கலாம் என்ற திருத்தம் முன்மொழியப்பட்டது.

அப்போது பின்வரிசையில் குன்வோர் எழுந்தாள். கணவனோடு பேசுவதுபோல் அவள் பேசவில்லை.

"தலைவர் அவர்களே, ஒரே கேள்வி. அன்னைக்கு ராத்திரி நீங்க தூங்கினீங்களே, எந்த மாதிரி இடத்துல தூங்கினீங்க?"

தில்டாவின் அப்பா தலையைத் திருப்பிப் பார்த்தார். சிக்ஸ்டன் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார், தண்ணீர் குடித்தார். நெடுநாள் பதவியில் இருந்தவர்களுக்கு நெருக்கடியில் நாக்கு தானாகவே பதில் சொல்லிவிடும்.

"பாதுகாப்பான இடத்துலதான்" என்றார்.

குழு தோன்றிய நாளிலிருந்து அந்த மேசையில் உச்சரிக்கப்பட்ட முதல் உண்மை அது. விதிகளுக்குப் புறம்பானது என்று கூறி அதை நடவடிக்கைக் குறிப்பிலிருந்து ஏகமனதாக நீக்கினார்கள்.