கிராம் அண்ணையின் ஒரு வெடி

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்து, வந்த இடத்தில் துவக்குக்கே குண்டு வார்த்துக் கொடுத்த தமிழர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கிராம் அண்ணை. இல்லை, இன்னொருவர் இருக்கிறார் என்று யாராவது காட்டினால் நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன். சிலருக்கு அது நல்ல செய்தியாகவும் இருக்கலாம்.

இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில், சுவிஸில் ஊஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம். எனக்குப் பாத்திரம் கழுவும் வேலை. அவருக்கு நீரிழிவுக்காரரின் சாப்பாட்டை நிறுத்துப் போடும் வேலை. அதற்கென்றே பிறந்த மனுசன். நூற்றைம்பது கிராம் உருளைக்கிழங்கு என்றால் நூற்றைம்பதுதான். நூற்றைம்பத்திரண்டு காட்டினால் கத்தியால் ஒரு மூலையைச் சீவித் தன் வாயில் போட்டுக்கொள்வார். வேலை முடியும்போது அவருக்குப் பசி இருந்து நான் கண்டதில்லை.

வெளியிலும் அப்படித்தான். வின்டர்தூரில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கில் பந்தியில் இருக்கும்போது, என் இலையில் இருந்த வடையையும் தன் வடையையும் கைக்கொன்றாகத் தூக்கிப் பார்த்தார். “உன்ர ஆறு கிராம் கூட” என்றார். பரிமாறியவர் பதறிப்போய் அவருக்கு இன்னொரு வடை வைத்தார். அண்ணை அதையும் தூக்கிப் பார்த்தார். “இப்ப எனக்கு முப்பத்தெட்டுக் கூட” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருடைய சொந்தப் பெயரை நான் வேலை அட்டவணையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தலைமைச் சமையல்காரர் ரூடி என்ற சுவிஸ்காரர். கதவுக்குள் குனிந்து வரும் உயரம். ஓய்வு நாட்களில் பழங்காலத் துவக்குச் சுடும் சங்கம் ஒன்றுக்குப் போவார். அந்தத் துவக்கில் குழாய் வாயால் வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, ஒரு கோலால் இடித்து இறக்கிச் சுட வேண்டும். குண்டையும் அவரவரே ஈயம் உருக்கி அச்சில் வார்ப்பார்கள். ஒரு நாள் தான் வார்த்த இருபது குண்டுகளைக் கொண்டுவந்து, குசினித் தராசில் நிறுக்கலாமோ என்று கேட்டார். சாப்பாட்டுத் தராசில் ஈயம் ஏறாது என்று அண்ணை மறித்துவிட்டார். அடுத்த நாள், மனைவி சுகந்தி அக்காவின் நகைத் தராசைக் கொண்டுவந்து வெளிவாசலில் வைத்து இருபதையும் நிறுத்தார். இரண்டு குண்டுகள் கூட ஒரே எடையில் இல்லை. அண்ணையின் முகம் செத்தவீட்டுக்குப் போன மாதிரி ஆகிவிட்டது.

“இவ்வளவு காலமும் இதையோ சுட்டனீங்கள்?” என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டார்.

“ஆமாம்” என்றார் ரூடி.

“படுமோ?”

“சில நேரம்.”

அன்றைக்குத் தொடங்கியது. ரூடி உருக்கும் சட்டியையும் அச்சையும் கொடுத்துப் பழக்கிவிட்டார். ஒரு மாதத்தில் ரூடிக்கே அண்ணை பழக்கினார். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டில் சுருக்கம் விழும். சூடு கூடினால் பனி பிடித்தது போல் வெளுக்கும். முதல் பத்தையும் கண்ணை மூடிக்கொண்டு திரும்பச் சட்டிக்குள் போட வேண்டும். ஈயம் நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மிருதுவாக இருக்க வேண்டும் என்பதற்காக, அண்ணை வலது கைப் பெருவிரலில் நகம் வளர்த்தார். குழாய் திருத்துபவர்கள் பழைய ஈயக் குழாய் போடும் கழிவுத் தொட்டியைக் கண்டால் பஸ்ஸை விட்டு இறங்கி நகத்தால் கீறிப் பார்ப்பார். வார்த்த குண்டுகளை ஒரு இரும்பு வளையத்துக்குள் தள்ளி எல்லாவற்றையும் ஒரே பருமனுக்குக் கொண்டுவருவார். பிறகு கண்ணாடித் தட்டில் உருட்டுவார். பிறகு நிறுப்பார். பத்திலொரு கிராம் பிசகினாலும் திரும்பச் சட்டிதான். நூறு வார்த்தால் நாற்பது மிஞ்சும். மிச்சத்தை உருக்கும்போது அவருக்கு ஒரு துளி வருத்தமும் இருக்காது.

இதெல்லாம் நடந்தது அவருடைய வீட்டுப் பல்கனியில். அச்சைத் திறக்க மரக்கட்டையால் தட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்மாடி அம்மா கதவைத் தட்டினார்.

“என்ன சத்தம் இது?”

“துவக்குக் குண்டு வார்க்கிறன்” என்று அண்ணை உள்ளதைச் சொன்னார்.

“ஞாயிற்றுக்கிழமையிலா?”

அவ்வளவுதான். திங்கட்கிழமை வார்த்தால் தனக்கு ஆட்சேபனை இல்லை என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போய்விட்டார்.

குண்டுக்குப் பூசும் கொழுப்பில்தான் பெரிய பிரச்சினை வந்தது. தேன்மெழுகையும் மாட்டுக் கொழுப்பையும் சேர்த்துக் காய்ச்சிப் பூசுவது ரூடி ஆட்களின் வழக்கம். அண்ணை பரம்பரைச் சைவம். “மாட்டுக் கொழுப்பு என்ர கையால வராது” என்று சொல்லி, தேன்மெழுகோடு நல்லெண்ணெய் சேர்த்தார். குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஆனால் சுடும்போது வரும் புகையில் தோசை வாசம் அடித்து, பதினொரு மணிக்கே எல்லோருக்கும் பசி வந்ததாக ரூடி சொன்னார். அந்த வருடம் அவர்களுடைய சங்கம் பக்கத்துச் சங்கத்தை வென்றது. காரணம் எண்ணெய்தான் என்று சில உறுப்பினர்கள் ஆசியக் கடையில் நல்லெண்ணெய் வாங்கத் தொடங்கினார்கள்.

இவ்வளவும் செய்த மனுசன் ஒரு வெடி கூட வைத்ததில்லை, துவக்கால் ஒருமுறையும் சுட்டதில்லை. எங்கள் இலங்கைப் பாஸ்போட் வைத்திருப்பவர் துவக்கைத் தொடக் கூடாது என்பது சுவிஸ் சட்டம். மருந்து இல்லாத வெறும் ஈயம் எந்தக் கணக்கில் வரும் என்று கேட்க அவரும் போகவில்லை, சொல்ல யாரும் வரவுமில்லை. சனிக்கிழமைகளில் குண்டுப் பெட்டியை ரூடியிடம் கொடுத்துவிட்டு, சங்கத்தின் சாப்பாட்டு அறையில் இருந்து வெடிகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

“நான் வார்த்ததை ஒருக்கா நானே சுட்டுப் பார்க்க வேணும்” என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். “ஒண்டு காணும். அதுக்கு மேல வேண்டாம்.”

அதற்கு ஒரே வழி சுவிஸின் சிவப்புப் பாஸ்போட். எங்கள் ஆட்கள் அதைக் கனடாவில் கலியாணத்துக்குப் போக எடுப்பார்கள், லண்டனுக்குச் சேலை வாங்கப் போக எடுப்பார்கள். கிராம் அண்ணை ஒரு வெடி வைப்பதற்காக விண்ணப்பம் போட்டார். சுகந்தி அக்காவுக்கு அதில் வேறு காரியம் இருந்தது. ரொறன்ரோவில் இருந்த தாயைக் கண்டு பதினாலு வருடம். தாய்க்கோ உடம்பு சரியில்லை. இந்த விண்ணப்பத்தை மறுத்தால் இன்னும் எத்தனை வருடம் என்று தெரியாது.

நான் அதற்கு முதல் வருடம்தான் பிரசாவுரிமை விசாரணையில் சித்தியடைந்திருந்தேன். ஆகவே நான் வாத்தியார். கேள்விகளையும் பதில்களையும் இரண்டு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஏன் சுவிஸ் பிரசை ஆக விரும்புகிறீர்கள் என்று கேட்டால், பாதுகாப்பு, சனநாயகம், பிள்ளைகளின் படிப்பு. அண்ணை மூன்றையும் பாடமாக்கினார். சுகந்தி அக்கா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினா.

“குண்டு எண்ட சொல் உங்கட வாயில வரக் கூடாது. வந்துதெண்டால் நான் என்ர அம்மாவை இனிப் படத்திலதான் பார்க்கிறது.”

“வராது” என்றார் அண்ணை.

ஊர்ச் சபைக் கட்டடத்தில் விசாரணை. நான் வெளியில் ஒரு மரவாங்கில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததைச் சுகந்தி அக்கா பிறகு எனக்கு அழுதழுது சொன்னா.

நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். சுவிஸ் அரசின் ஏழு அமைச்சர்களின் பெயர் கேட்டார்கள். சொன்னார். பழைய பேப்பர் எப்படிக் கட்டி வைப்பது என்று கேட்டார்கள். கட்டின் உயரத்தைச் சென்ரிமீற்றரில் சொன்னார். கடைசியாகத் தலைவர், ஏன் சுவிஸ் பிரசை ஆக விரும்புகிறீர்கள் என்று கேட்டார். அண்ணை வாயைத் திறந்தார். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு ஜெர்மன் வரவில்லை. பிறகு பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, உண்மையைச் சொன்னார்.

“நான் நாலு வருசமாய்த் துவக்குக் குண்டு வார்க்கிறன். ஒண்டு சுட்டுப் பார்க்க வேணும்.”

சுகந்தி அக்கா கண்ணை மூடிவிட்டா. திறந்தபோது அண்ணை சட்டைப் பையிலிருந்து ஒரு குண்டை எடுத்து மேசையில் படுக்கவைத்துக்கொண்டிருந்தார். அது மெல்ல உருண்டு தலைவரை நோக்கிப் போனது. ஐந்து பேரும் அதையே பார்த்தார்கள். தலைவர் கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டார்.

“மேசை சரிவு” என்றார் அண்ணை.

சொல்லிவிட்டுக் குனிந்து மேசைக்குக் கீழே போனார். நான் எழுதிக் கொடுத்த இரண்டு தாளையும் எட்டாக மடித்து ஒரு காலுக்குக் கீழே செருகினார். எழும்பி வந்து குண்டைத் திரும்ப வைத்தார். அசையவில்லை. தலைவர் தானே ஒருமுறை வைத்துப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை.

“இந்த மேசையைப் பற்றி நான் எத்தனை முறை சொல்லிவிட்டேன்” என்றார் தலைவர், பக்கத்தில் இருந்தவரிடம். மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு கேள்வி எதுவும் வரவில்லை.

நான்கு மாதம் சுகந்தி அக்கா அண்ணையோடு கதைக்கவில்லை. சோற்றை மட்டும் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு வைப்பா, அதுவும் வேண்டுமென்றே நிறுக்காமல். ஐந்தாவது மாதம் கடிதம் வந்தது. சம்மதம். பாஸ்போட் வந்த கிழமையே அக்கா ரொறன்ரோவுக்கு விமான ரிக்கற் போட்டா. அண்ணை ரூடியிடம் போய் நாள் கேட்டார்.

அதுவரை நான் அந்தச் சுடும் இடத்துக்குப் போனதில்லை. சனிக்கிழமைகளில் எனக்குத் தலையிடி என்று சொல்லிவிடுவேன். அன்றைக்குச் சிரிப்பதற்கென்றே போனேன். ரூடி காதுக்குப் போடும் மூடியைத் தந்தார். அண்ணை என்ன சொல்லுகிறார் என்று கேட்டு வந்து எல்லோருக்கும் சொல்ல வேண்டுமே, அதனால் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். சங்கத்து ஆட்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். அண்ணை தெரிந்தெடுத்து வைத்திருந்த ஒரே குண்டைப் போட்டு இறக்கினார். துவக்கை ஏந்தினார். நிறைய நேரம் குறி பார்த்தார்.

வெடி வைத்தார்.

அடுத்து நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. கண் திறந்தபோது ஒரு மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தேன். இரண்டு கையும் தலைக்கு மேல். மட்டக்களப்பிலிருந்து வந்து பதினைந்து வருடம். அதெல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புகை கலையவில்லை. அதற்குள் அண்ணை துவக்கை வைத்துவிட்டு வந்து, மேசைக்குக் கீழே என் பக்கத்தில் தானும் படுத்துவிட்டார்.

“ஒண்டுமில்லையடா. நான்தான். நான்தான் வெடி வைச்சனான்.”

“தெரியும் அண்ணை.”

“ஓம், தெரியும். கொஞ்சம் கிட.” என் முதுகில் கையை வைத்துக்கொண்டார். மற்றக் கையால் தன் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

ரூடியின் பெரிய முகம் மேசைக்குக் கீழே வந்தது. இலக்குப் பலகைவரை ஓடிப்போய் வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

“வந்து பார், எங்கே பட்டிருக்கிறது என்று வந்து பார்.”

“பிறகு” என்றார் அண்ணை.

பிறகும் போகவில்லை. துவக்கையும் அதற்குப் பிறகு தொடவில்லை. என்னை பஸ்ஸில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, தேத்தண்ணி போட்டுத் தந்து, நான் குடித்து முடியும் வரை பக்கத்தில் இருந்தார். அந்தக் குண்டு எங்கே பட்டது என்று ரூடிக்குத் தெரியும். அண்ணை இன்றுவரை கேட்கவில்லை.

எனக்குக் கூடப்பிறந்தது மூன்று அக்காமார்தான். ஆனால் யாராவது கேட்டால், அண்ணை ஒருவரும் இருக்கிறார் என்றுதான் சொல்லுவேன்.