நிலாவுக்குப் போட்ட மூடி

நாலு பேர் பார்க்கும்போது ஒரு மெஷின் மக்கர் பண்ணினால் சிலர் அதைத் தட்டுவார்கள், சிலர் திட்டுவார்கள். நான் விளக்கவுரை ஆற்றுகிற ரகம். இரும்புலியூரில் எங்கள் அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் நான் ஆற்றிய மிக நீண்ட உரையைக் கேட்டவர் என் மாமனார். கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்குப் பல்லாவரத்தில் செருப்புக் கடை. கழுத்தெலும்பு தேய்ந்து காலர் பட்டை போட்டிருந்தார். குனியவும் கூடாது, அண்ணாந்து பார்க்கவும் கூடாது. நான் டெலஸ்கோப் வாங்கியதை என் மனைவி நஸ்ரீன் சொன்னதும், "நிலாவப் பாத்தே மாசக்கணக்காச்சும்மா" என்றாராம். எனக்கு மனசு தாங்கவில்லை. "நீங்க அண்ணாந்தே பாக்க வேணாம் மாமா. நிலாவ உங்க மூஞ்சிக்கு நேரா கொண்டாந்து நிறுத்துறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

டெலஸ்கோப்பில் ஒரு கேமரா, கேமராவிலிருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர், அதிலிருந்து மானிட்டர். இதுதான் திட்டம். ஸ்விட்சைப் போட்டதும் கேமரா படம் தானாகத் திரை முழுக்க வரும்படி முந்தின நாளே செட் பண்ணியிருந்தேன். மாமா பட்டையோடு மூன்று மாடி ஏறிவந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டெலஸ்கோப்பின் முதுகில் ஒட்டியிருக்கும் குட்டிக் குழாய் வழியாக வளர்பிறையைப் பார்த்துக் குறி வைத்தேன். ஸ்விட்சைப் போட்டேன்.

கும்மிருட்டு.

மவுஸை ஆட்டினேன், அம்புக்குறியைக் காணோம். கீபோர்டைத் தட்டினேன், ஒரு எழுத்து வரவில்லை.

"டிஸ்ப்ளே ப்ராப்ளம் மாமா. கேபிள் போயிருக்கும்."

நஸ்ரீன் கீழே ஓடி டிவியிலிருந்து கேபிளைப் பிடுங்கி வந்தாள் (மாமியார் பார்த்துக்கொண்டிருந்த சீரியலில் ஒரு அழுகை பாதியில் நின்றது). இருட்டு. "பவர் பத்தல மாமா" என்று அடாப்டரை மாற்றினேன். இருட்டு. நஸ்ரீனின் ஆபீஸ் மவுஸ் வந்தது, வேறு கீபோர்டு வந்தது. அதே இருட்டு. சிக்னல் இல்லை என்றாவது மானிட்டர் சொல்லியிருக்கலாம், அதுவும் சொல்லவில்லை. கீபோர்டின் நம்பர் லாக் விளக்கு மட்டும் அழுத்தும்போதெல்லாம் சமர்த்தாக எரிந்து அணைந்தது. கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது என்பது இவ்வளவு பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. நிலாவோ பக்கத்து பில்டிங்கின் தண்ணீர்த் தொட்டியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"தொட்டிக்குப் பின்னாடி போயிட்டா அவ்ளோதாங்க" என்றாள் நஸ்ரீன். அவள் குரலில் மரியாதை குறைந்துகொண்டே வந்தது.

"ஆபரேட்டிங் சிஸ்டத்தையே திருப்பிப் போடணும்னு நெனைக்கிறேன் மாமா. இது விண்டோஸ் மாதிரி இல்ல, பாத்தீங்களா..."

மாமாவுக்கு இடுப்பு வலித்திருக்க வேண்டும். எழுந்துபோய் டெலஸ்கோப்புக்கு முன்னால் நின்றார். அவரால் நேரே மட்டும்தான் பார்க்க முடியும். நேரே இருந்தது டெலஸ்கோப்பின் வாய்.

"மாப்ள, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த மூடி போட்டேதான் இருக்கணுமா?"

அந்தச் சோப்பு டப்பாவுக்கு எந்தக் கோளாறும் இல்லை. கேமரா பார்த்த இருட்டை அது திரை முழுக்க உள்ளது உள்ளபடி காட்டிக்கொண்டிருந்தது. அந்த இருட்டுக்குப் பின்னால் மவுஸும் கீபோர்டும் நன்றாகத்தான் இருந்தன. மூடியைக் கழற்றி, யார் முகத்தையும் பார்க்காமல் மாமா கையில் கொடுத்துவிட்டுக் குறியைச் சரிசெய்தேன்.

திரையில் நிலா வந்தது. எங்கள் மூன்று பேர் முகத்திலும் வெளிச்சம் அடித்தது. பள்ளம் பள்ளமாக, மலை மலையாக, மலைகளின் நிழல்கூடத் தெரிந்தது. "சுப்ஹானல்லாஹ்" என்றார் மாமா. நான் விளக்கவுரையைக்கூட மறந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்: "மாப்ள, அது ஓடுதே?"

நிலா திரையின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

"அது ஓடல மாமா. நாமதான் சுத்துறோம். பூமி சுத்துறதத்தான் பாக்குறீங்க."

மாமா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காகப் படித்த விஷயம், அன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறேன். தொட்டி வந்து மறைக்கும்வரை மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

மாமாவின் கழுத்து இப்போது தேவலை. ஆனால் எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும், வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டாலும், பல்லாவரத்துக்கு விஷயம் போய் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்: "மூடிய எடுத்தீங்களா மாப்ள?"

அன்று அவர் சட்டைப் பையில் போட்ட மூடி எனக்குத் திரும்பி வரவே இல்லை. "நீங்க கம்ப்யூட்டரப் பாத்துக்குங்க, இது என்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். டெலஸ்கோப்பின் வாயை நான் அவர் கடை கேரி பேக்கால் கட்டி வைத்திருக்கிறேன்.