ஒட்டுப்பிரி பாய் கைவைத்த வரி

எதற்காவது முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்துவிட்டால், அதை உருவாமல் ஒட்டுப்பிரி பாய்க்குச் சோறு இறங்காது. டீக்கடை பெஞ்சுக் காலுக்கடியில் செருகியிருந்த அட்டையை அவர் உருவியபோது, மேலே உட்கார்ந்திருந்தவர் எங்கள் முதலாளி அண்ணாச்சி. அண்ணாச்சி தரையில், டீ முழுக்க வெள்ளை வேட்டியில்.

"கால் குட்டைன்னு இப்பத்தான வெளிய தெரியுது அண்ணாச்சி!" என்று பூரித்தாரே தவிர, பாய் கைகொடுத்துத் தூக்கவில்லை. ஆனால் அன்றைக்கே ஆசாரியைக் கூட்டிவந்து காலைச் சரிசெய்துவிட்டார்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. சிவகாசியில் காலண்டர் அச்சகங்களுக்கு மென்பொருள் எழுதும் சின்னக் கம்பெனி எங்களுடையது. அங்கே எங்களோடு நிரல் எழுதிய பாய்க்கு, போட்ட ஒட்டையெல்லாம் பிரித்துப் பார்ப்பதால் வந்த பட்டப்பெயர்தான் ஒட்டுப்பிரி. அச்சு இயந்திரத்தோடு பேசும் நிரலை அதற்குப் புரிகிற மொழிக்கு மாற்ற, தனிக் கம்பைலர் வேண்டும். அந்தக் கம்பைலரையும் மூலக்கோப்புகளிலிருந்து நாங்களேதான் கட்டியெடுப்போம். லினக்ஸில் சமர்த்தாக முடிகிற வேலை, விண்டோஸில் ஒருநாள் முடியும், மறுநாள் பாதியில் செத்துவிழும். ஏனென்று யாருக்கும் தெரியாததால் ஆளுக்கொரு பரிகாரம் வைத்திருந்தோம். நான் மின்விசிறியை நிறுத்துவேன். அலுவலக அக்கா கணினிக்குத் திருநீறு பூசுவார். அண்ணாச்சி சூடமே ஏற்றப் போனார். பக்கத்தில் பட்டாசுக் கடை என்பதால் கும்பலாகப் போய்ப் பிடித்துக்கொண்டோம்.

காலண்டர் சீசன் உச்சத்தில், அச்சகத்தில் பேப்பர் லோடு இறங்கி ஆட்கள் காத்திருந்த நாளில், கம்பைலர் கட்டும் வேலை காலையிலிருந்தே செத்துச் செத்து விழுந்தது. பாய் எழுந்து வந்து, எதற்குப் பின் எதைக் கட்டுவது என்று சொல்லும் கட்டளைக் கோப்பைத் திறந்தார். 'விண்டோஸ் என்றால், இந்தக் கோப்பு கிடைக்காதபோது பழையதை எடுத்துக்கொள்' என்று எவரோ அவசரத்துக்கு எழுதிய வரி அதில் இருந்தது.

"பாய், அதுல கை வைக்காதீக! அதுதான் எல்லாத்தையும் தாங்கிக்கிட்டு நிக்கி!" என்று அண்ணாச்சி அலறினார்.

"தாங்கல அண்ணாச்சி, மறைச்சுக்கிட்டு நிக்கி" என்று சொல்லி, பாய் அழித்தார்.

ஓட்டினோம். செத்தது. மறுபடி ஓட்டினோம். அதே இடத்தில் செத்தது. எத்தனை முறை ஓட்டினாலும் அதே இடம்தான். அண்ணாச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பாயோ நாற்காலியைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்.

"ஏலே, தவறாம ஒரே இடத்துல சாகுதுலே! இனி எங்கன போயி ஒளியும்?"

ஒளியவில்லை. ஒரு கோப்பு உருவாவதற்கு முன்பே இன்னொன்று அதைத் தேடியிருக்கிறது. லினக்ஸில் அது ஏதோ அதிர்ஷ்டத்தில் முந்திக்கொண்டு வந்துவிடும். விண்டோஸில் வராது. அப்போதெல்லாம் அந்த வரி பழைய கோப்பை எடுத்துக் கொடுக்கும். பழையது புதியதோடு ஒத்துப்போனால் பிழைக்கும், இல்லையென்றால் சாவுதான். 'இதை முதலில் செய்' என்று பாய் ஒரு வரி சேர்த்தார்.

முடிந்தது. நம்பாமல், கட்டியதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டினோம். முடிந்தது. விசிறியைப் போட்டுக்கொண்டு ஓட்டினோம், அப்போதும் முடிந்தது! சாயங்காலத்துக்குள் அச்சகத்தில் இயந்திரம் ஓடத் தொடங்கியது. அண்ணாச்சி பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எம்புட்டு நாளா சாமி மேல பழியப் போட்டிருக்கோம் பாய்!" என்றார்.

பாய் இப்போது மகளோடு மதுரையில் இருக்கிறார். எங்கள் வேலையெல்லாம் ஒரே தடவையில் ஓடிவிடுகிறது. எப்போதாவது ஏதாவது உடைந்தால், எல்லோருக்கும் முந்தி நான் அவருக்குத்தான் போன் போடுகிறேன். உடைந்ததற்குச் சந்தோஷப்பட அவரைவிட்டால் யார் இருக்கிறார்கள்?