தராசண்ணையும் பலாலிப் பிளேனும்

லண்டன் ஹவுன்ஸ்லோவில் இருந்து தராசண்ணையின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு யாழ்ப்பாணம் போன தமிழன் ஒருவனும் கிடையாது. நானும் முயன்று பார்த்தேன். டிக்கெட் எடுத்ததை மனிசிக்கே பின்னேரம்தான் சொன்னேன். மத்தியானமே அவர் தராசோடு வாசலில் நின்றார்.

சமாதான காலம் அது. சண்டை நின்று, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குச் சின்னப் பிளேன்கள் பறந்தன. அதில் பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் சேர்த்தே நிறுப்பார்கள். இது காதில் விழுந்த அன்றே மனுசன் ஒரு குளியலறைத் தராசு வாங்கிவிட்டார். அவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. தலைக்கு மேலால் ஹீத்ரோவில் இறங்குகிற ஜம்போக்களை அவர் மதித்ததே இல்லை. "உதுகள் யானையையும் ஏத்தும். பலாலிப் பிளேனிலைதான் மனுசனுக்குப் பெறுமதி" என்பார்.

"தம்பி, ஏறும்."

"வாசலிலையோ அண்ணை?"

"ஏறும் எண்டிறன்."

ஏறினேன். முள்ளைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். "சரிவராது. நீர் ரெண்டு கிலோ இறங்கினால் என்ரை பார்சல் ரெண்டு கிலோ ஏறும்."

பார்சல் கொக்குவிலில் இருந்த அவர் மனைவி ராணியக்காவுக்கு. கலியாணம் முடித்த சூட்டோடு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு லண்டனுக்கு ஓடி வந்தவர் அண்ணை. அகதிக் கேஸ் முடியவில்லை. வெளியே போனால் திரும்பி வர ஏலாது. வருடக்கணக்காக மனைவியின் முகம் காணாத மனுசன், போகிறவர்களுடைய தொந்தியையெல்லாம் கரைத்து அவவுக்குச் சாமான் அனுப்பினார்.

அன்றோடு என் வீட்டில் சோறு நின்றது. "அண்ணை சொன்னவர்" என்று மனிசி புட்டையும் ஒளித்துவிட்டாள். ஒருநாள் கடையில் றோல்ஸ் வாங்கிக் கடித்துக்கொண்டு திரும்பினால், பின்னால் அவர். "கடியும், கடியும். உது ராணிக்குப் போற சவுக்காரக் கட்டி" என்றார். தொண்டைக்குள் இறங்குமா?

ஊரில் ராணியக்கா நான் கொண்டுபோன பார்சலைப் பிரித்தும் பார்க்கவில்லை. "இவர் எப்ப வருவார்?" என்று மட்டும் கேட்டா. திரும்பி வந்து அப்படியே சொன்னேன். "சாமான் காணாது போலை, இன்னும் அனுப்ப வேணும்" என்றார்.

ஒருவழியாகக் கேஸ் வென்று, போய்வரலாம் என்றானது. இனி வயிறாரச் சாப்பிடலாம் என்று எங்களுக்கு நிம்மதி. அவரோ அன்றே சாப்பாட்டை நிறுத்தினார். காலையில் பால் விடாத பிளேன்டீ, இரவில் ஒரு அப்பிள்.

"அண்ணை, மயங்கி விழப்போறியள்!"

"இன்னும் ஒரு கிலோ தம்பி. ஒரு குக்கர் கொண்டுபோகலாம்."

கெஞ்சினோம், ஏசினோம். காற்சட்டையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

ஊரிலிருந்து போன் வந்தது.

"எப்பிடி அண்ணை, தராசிலை ஏத்தி நிறுத்தவங்களோ?"

"ஓம், கச்சிதம்." குரல் ஒரு மாதிரி இருந்தது. "பலாலியிலை இருந்து பஸ்ஸிலை ஏத்தி யாழ்ப்பாண ரவுணிலை இறக்கினவங்கள். ராணி அங்கை நிண்டவள். என்னைப் பார்த்திட்டு, எனக்குப் பின்னாலை வாற ஆளைப் பார்க்கிறாள் தம்பி."

"உங்களை அடையாளம் தெரியேல்லையோ?"

"பேர் சொல்லிக் கூப்பிட்டாப்பிறகுதான் கிட்ட வந்தவள். கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு நடுறோட்டிலை வைச்சுப் பேச்செண்டால் பேச்சு! 'சாமானை ஆர் கேட்டது? என்ரை மனுசனிலை பாதியை எங்கை விட்டிட்டு வந்தனீங்கள்?' எண்டு கேக்கிறாள்."

சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. பின்னால் அக்காவின் குரல்: "போனை வைச்சிட்டுச் சாப்பிட வாங்கோ!"

திரும்பி வந்தபோது கூட்டிவர ஹீத்ரோவுக்கு நான்தான் போனேன். கன்னம் உப்பி, காற்சட்டைப் பொத்தான் பூட்ட ஏலாமல், ஒரே ஒரு பெட்டியோடு வந்தார். "அவளும் இஞ்சை வாறன் எண்டிட்டாள் தம்பி. விசா அலுவலைத் தொடங்க வேணும்" என்றார்.

அத்தனை சனத்துக்கு நடுவில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை.