ஏழாவது சிவப்புப் பட்டன்

"அப்பா, இது கார்பன் இல்ல, நைட்ரஜன்" என்றாள் மகள்.

தையல்காரர் அட்டையை உற்றுப் பார்த்தார். நடுவில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டன்கள், சுற்றிலும் குட்டி நீலப் பட்டன்கள். அவர் கண்ணுக்கு எல்லாம் லட்சணமாகத்தான் இருந்தது.

"சிவப்பு புரோட்டான்ப்பா. ஆறு இருந்தாத்தான் கார்பன். நீங்க ஏழு ஒட்டிட்டீங்க, ஆளே மாறிப்போச்சு."

"ஒரு பட்டனுக்கா இவ்வளவு அலட்டல்?"

"புரோட்டானாச்சே."

மனைவி போனதிலிருந்து அவர் கடையைத் திறக்கவில்லை. காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் அவள் வேலை. அவளுடைய காலி நாற்காலியைப் பார்க்கிற தெம்பு இவருக்கு இல்லை. படுக்கையே கதி என்று கிடந்தவரை இந்த வீட்டுப்பாடம் எழுப்பிவிட்டது. அணு மாடல் செய்யணும், அதுவும் பட்டனில்தான் செய்யணுமாம். கடை ஷட்டரைப் பாதி தூக்கி, இருட்டில் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு ஓடிவந்திருந்தார். அம்மா இல்லாத பிள்ளைக்கு அப்பாவால் மார்க் குறைந்தது என்று ஆகக் கூடாது. அவ்வளவுதான் அவர் கவலை.

ஏழாவது சிவப்பைப் பிடுங்கினார். பக்கத்து வெள்ளைகளும் அட்டையைக் கிழித்துக்கொண்டு கூடவே வந்து, தரையில் விழுந்து உடைந்தன. மறுபடி கடைக்குப் போனார். ஷட்டர் சத்தம் கேட்டு ஒருவர் வந்து நின்றார்.

"அண்ணே, திறந்துட்டீங்களா? என் பேண்ட் இன்னும் உங்ககிட்டதான் இருக்கு."

ஆளை அனுப்பினால் போதும் என்று அதைத் தைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். வந்த வேகத்தில் வெள்ளையை அள்ளி ஒட்டினார்.

"வெள்ளை நியூட்ரான். ரெண்டு அதிகம்ப்பா."

"இப்ப என்னவாச்சு?"

"பேர் மாறாது, கார்பன்தான். கனம் மட்டும் கூடிப்போச்சு. ஐசோடோப்னு சொல்வாங்க. இந்த மாதிரி கனமானது நிலையா இருக்காது. ஒரு நாள் தானா சிதைஞ்சுடும்."

"கனத்தைச் சுமந்தா அப்படித்தான்" என்று முனகிக்கொண்டே ரெண்டையும் பிய்த்தார். பசைக் கையோடு ஒரு நீலமும் ஒட்டிக்கொண்டு வந்தது. உதறினார். அது ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது.

"எலக்ட்ரான் ஒண்ணு போச்சா, இது இப்ப அயனி."

"வேற ஆளா?"

"அதே கார்பன்தான்ப்பா. ஒண்ணை இழந்துட்டதால சமமா இல்ல. போனதேதான் திரும்பணும்னு இல்ல, எந்த எலக்ட்ரான் வந்தாலும் சரியாயிடும்."

"எலக்ட்ரானுக்குச் சரி" என்றார் அவர். மறுபடி கடைக்குக் கிளம்பினார்.

நீலப் பட்டன் அந்த நாற்காலிக்குப் பின்னால், அடி இழுப்பறையில் இருந்தது. இருட்டில் தேட முடியாது. ஷட்டரை முழுசாகத் தூக்கி விளக்கைப் போட்டார். நாற்காலியைத் தொட்டதுமே அதில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். ரவிக்கையைப் பிரிக்கக் கொண்டுவந்த பக்கத்து வீட்டம்மா வாசலிலேயே நின்றாள்.

"அழுது முடிச்சுட்டே பாருங்கண்ணே, அவசரமில்ல."

முடித்தார். ரவிக்கையையும் பிரித்துக் கொடுத்தார்.

ஒருவழியாக கார்பன் கார்பனாகவே அமைந்தது. மறுநாள் காலையில் பார்த்தால், மகள் அதை மேஜையிலேயே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். பதறிப்போய் அட்டையோடு பஸ் ஏறினார். நெரிசலில் இன்னொரு எலக்ட்ரான் காணாமல் போயிற்று. சட்டைப் பட்டனைக் கடித்துப் பிய்த்து, காலரில் குத்தியிருந்த ஊசியால் அட்டையில் தைத்தார். திறந்த மார்போடு அறிவியல் டீச்சர் முன் போய் நின்றார்.

"மார்க்கைக் குறைச்சிடாதீங்க டீச்சர். அந்த ஒரு எலக்ட்ரான் மட்டும் என் சட்டைப் பட்டன். பிள்ளை மேல தப்பில்ல. அவ அம்மா இருந்திருந்தா அழகா செஞ்சிருப்பா."

டீச்சர் அட்டையைப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள்.

"நான் மாடலே கேக்கலையே சார். 'எங்க அப்பா கடைக்குத் திரும்பத் திரும்பப் போகணும், பட்டன் நிறைய தேவைப்படுற பாடமா ஒண்ணு சொல்லுங்க'ன்னு உங்க பொண்ணுதான் என்கிட்ட வந்து அழுதா."